குடியை விட்டவனை ஊர் விடுகின்றதா?

குடிக்கின்றவனைப் பற்றி நம்மிடையே எழுதப்பெற்றவை மிகப் பல. மேடைதோறும் பேசப்பெற்றவை அவற்றினும் மிகுதி. குடியை விட்டவனைப் பற்றிப் பேசியவர் எத்துணைப் பேர்? மருத்துவமனையிலோ குடிமீட்பு இல்லத்திலோ இருபது நாள், முப்பது நாள் தங்கி, உடல் தேறி, முகம் தெளிந்து, கையில் ஒரு துணிப்பையும் மருந்துச் சீட்டுமாகப் பேருந்தை விட்டிறங்கித் தன் தெருவில் நடந்து வருகின்றான் ஒருவன். அன்று மாலைப் பொழுதை அவன் எங்கே கழிப்பான்? எவரோடு பேசுவான்? மறுநாள் எவரிடம் வேலைக்குச் செல்வான்? இவற்றை எண்ணிப் பார்க்கும் வழக்கமே நமக்கு இல்லை. அவன் மீண்டும் குடித்துவிட்டாலோ, 'நாய் வாலை நிமிர்த்த முடியுமா?' என்று கேட்பதற்கு மட்டும் ஊரே அணியமாக நிற்கின்றது.

அக்கேள்வியை ஊரை நோக்கித் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து. விட்டவன் மீண்டும் வீழ்வதில் அவனது மனவலிமைக் குறைவுக்கு ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அவன் திரும்பி வந்து சேரும் தெருவுக்கும் தொழிற்களத்துக்கும் உறவு வட்டத்துக்கும் உள்ள பங்கு அதனினும் பெரிது. அப்பங்கை நாம் ஏற்றுக்கொள்வதே இல்லை.

திருக்குறளிலிருந்து கள்ளுண்ணாமை அதிகாரத்தை எடுத்துக்காட்டாத குடியொழிப்பு மேடை கிடையாது. அது 93ஆம் அதிகாரம். இரண்டே அதிகாரம் தள்ளி, 95ஆவதாக, 'மருந்து' இருக்கின்றது. அதன் இறுதிக் குறளை எவரும் இவ்விடத்தில் நினைப்பதில்லை. மருத்துவத்தை வள்ளுவர் அங்கே நான்கு கூறாகப் பகுக்கின்றார்: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். 'உழை' என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து பேணுகின்றவனே உழைச்செல்வான். மருத்துவனுக்கும் மருந்துக்கும் ஒத்த இடத்தை இப்பேணுபவனுக்கு வள்ளுவர் தந்திருப்பதை உரைகாரர் எல்லாரும் விளக்கியுள்ளனர். காய்ச்சற்காரனுக்கு இந்நான்காமவன் தாயோ மனைவியோ ஆகலாம். குடிநோயிலிருந்து மீண்டு வீடு திரும்பியவனுக்கு ஒரு தாயும் ஒரு மனைவியும் போதா; ஊரே உழைச்செல்வான் ஆக வேண்டும். மருத்துவமனை வாயிலைத் தாண்டியவுடன் முதல் மூன்று கூறுகளும் பின்னே நின்றுவிடுகின்றன. மிஞ்சுவது நான்காவது ஒன்றுதான்.

குடிநோயை நோய் என்றால் இன்றும் நகைப்போர் உளர். அமெரிக்க மருத்துவக் கழகம் 1956இலேயே அதனை மருத்துவத்துக்குரிய நோயாக ஏற்றுக்கொண்டது. பல்லாண்டு நாடோறும் குடித்தவன் திடுமென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும், வியர்வை பெருகும், உறக்கம் போகும். சிலருக்கு முதலிரண்டு நாளில் வலிப்பு வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை, இல்லாத உருவங்கள் கண்ணிற் பட்டு அறிவு கலங்கும் நிலையும் சிலருக்கு ஏற்படும். பண்டுவம் இன்றேல் அந்நிலையில் உயிரே போகக் கூடும். நெடுநாட் குடியனை அறையிலிட்டுப் பூட்டி 'இன்றோடு விடு' என்பது மருத்துவமன்று. கொலைக்கு அண்மையிலுள்ள அறியாமை. மருத்துவர் இந்நடுக்கத்தைத் தணிக்க மருந்து கொடுப்பர். குடியால் அற்றுப்போன பி1 உயிர்ச்சத்தை ஊசிவழி ஏற்றுவர். ஒரு கிழமைக்குள் உடல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதனைத்தான் ஊரார் 'நலமாகிவிட்டான்' என்று கொள்கின்றனர். உண்மையில் நடந்தது, குடி உடலை விட்டு வெளியேறியது மட்டுமே. மூளையிற் பதிந்த சுவடு அப்படியே இருக்கின்றது. உறக்கக் கெடுதலும் எரிச்சலும் பல திங்கள் தொடரும். கடைத்தெரு வாடை, பழைய கூட்டாளியின் குரல், கூலிப்பணம் கையில் விழும் பொழுது, மழைபெய்யும் மாலை ஆகியவற்றுள் ஒன்றே போதும். அடங்கிக் கிடந்த அவா எழுந்து நிற்கும். அவ்வெழுச்சி நிலையானதன்று. பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானே தணிந்துவிடும். அந்தச் சிறிது நேரத்தில் அவன் பக்கத்தில் யார் இருக்கின்றார் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

அமெரிக்க உளவியலறிஞர் அண்ட் என்பவரும் துணைவரும் 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குடி, எராயின், புகையிலை ஆகிய மூன்றுக்கும் பண்டுவம் பெற்று வெளியேறியோர் எந்நாளில் மீண்டும் தொடங்கினர் என்று கணக்கிட்டபோது, மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே வரைகோடு கிடைத்தது. ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் முதல் மூன்று திங்களுக்குள்ளேயே வீழ்ந்துவிட்டனர். அதன்பின் வீழ்வோர் தொகை மெல்ல மெல்லக் குறைந்தது. நம் குடும்பங்கள் நகையை அடகு வைத்துப் பண்டுவத்துக்குப் பணம் கட்டுகின்றன. பண்டுவம் முடிந்ததும் எல்லாம் முடிந்ததென்று பெருமூச்சு விடுகின்றன. போர் தொடங்குவதே அன்றைக்குத்தான் என்று அவர்களுக்குச் சொல்வார் இலர்.

இடத்தின் ஆற்றலை விளக்க ஒரு சான்று கூறுவேன். வியத்துநாம் போருக்குச் சென்ற அமெரிக்கப் படைஞரில் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் அங்கே எராயினுக்கு அடிமையாகியிருந்தனர். 1971இல் நாடு திரும்பிய இவர்களை இலீ இராபின்சு என்னும் அம்மையார் தேடிச் சென்று ஆய்ந்தார். தெருவெங்கும் அடிமைகள் திரிவர் என்று அரசு அஞ்சிக்கொண்டிருந்தது. ஆய்ந்து கண்டதோ வேறு. அங்கே அடிமையாகியிருந்தோருள் நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர் நூற்றுக்கு 5 பேரே. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோதும் நூற்றுக்கு 12 பேரே. பழக்கம் வளர்ந்த இடத்தையும், உடனிருந்து பழகிய கூட்டத்தையும், போரின் அச்சத்தையும் சோர்வையும் கடலுக்கு அப்பாலேயே விட்டுவிட்டு வந்தமை இதற்குப் பெருங்கரணியம் என்பர். நம் ஊர்க் குடிநோயனின் நிலை இதற்கு நேர் தலைகீழானது. அவன் ஒரு சொட்டும் கிட்டாத இடத்தில் முப்பது நாள் இருந்துவிட்டு, எந்தத் தெருவில் குடிக்கக் கற்றானோ அதே தெருவுக்கு, அதே கூட்டாளிகளிடம், அதே கடனுக்கும் அதே பூசலுக்கும் திரும்பி வருகின்றான். படைஞனுக்குக் கடல் குறுக்கே நின்றது. இவனுக்குக் குறுக்கே நிற்கக் கூடியவர் நாமே.

தொழிற்களத்திலிருந்து தொடங்குவோம். கட்டட வேலை செய்வோரின் கூலி முறையை அறியாதவர்க்கு இது விளங்காது. கிழமை முடிவில் நான்கைந்து பேர் கூலியைச் சேர்த்து ஐந்நூறு உருவாத் தாள்களாக ஒருவர் கையில் திணித்துவிடுகின்றனர். அதனைப் பிரித்துக்கொள்ளச் சில்லறை வேண்டும். மாலையில் சில்லறை எளிதாகக் கிடைக்கும் இடம் எது? சாராயக் கடை. அங்கே போய் நின்றபின், கால் புட்டியை இருவர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் ஒன்றுண்டு. முழு விலைக்குப் பணம் போதாத ஒருவன் பாதிப் பங்குக்கு ஆள் தேடிக்கொண்டே இருப்பான். 'பங்காளி' என்னும் நம் பழஞ்சொல் நிலத்திலும் வீட்டிலும் பங்குடையவனைக் குறித்தது. இன்று அச்சொல்லுக்கு இப்படி ஒரு புதுப்பொருள் வந்திருக்கின்றது! விட்டவனைத் தேடி வருகின்றவன் பெரும்பாலும் அவன்மேற் பகை கொண்டு வருவதில்லை. தனக்கு ஒரு பாதி வேண்டும், அவ்வளவே.

என்னிடம் பயின்ற கொத்தர் ஒருவர் பண்டுவம் முடிந்து திரும்பியபோது, அவர் துணைவியார் செய்த முதல் வேலை, கட்டட ஒப்பந்தக்காரரைச் சென்று கண்டதே. தம் கணவரின் கூலியைத் தனியாக, சிறு தாள்களாக, நண்பகலில், வேலை நடக்கும் இடத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டார். 'உன் ஒருவருக்காக முறையை மாற்றுவதா?' என்று முதலில் முணுமுணுத்த அம்மனிதர், பிறகு இசைந்தார். இத்தனைக்கும் அவருக்கு ஒரு காசும் கூடுதற் செலவில்லை. நண்பகலில் வந்து பணத்தை வாங்கிக்கொண்டு போவார் அவ்வம்மையார். மாலையில் வெறுங்கையோடு நிற்கும் கணவரைப் பங்குக்கு அழைப்பார் எவருமிலர். ஓர் ஊரில் பத்து ஒப்பந்தக்காரர் இருப்பின், அப்பத்துப் பேரும் இதனைச் செய்ய ஓர் அரசாணை வேண்டுமா?

அடுத்து, விருந்தும் சாவும். திருமணத்தின் முதல்நாள் இரவும், கிடாவெட்டும், இழவு வீட்டின் பின்புறமும் குடிக்கு இடமாகிவிட்டன. அங்கே விட்டவனைக் காணும் மாமனோ மைத்துனனோ, "என்ன மச்சான், எங்கள் வீட்டு நிகழ்ச்சியில் ஒரு வாய் குடிக்க மாட்டாயா? எங்களை மதிக்கவில்லையா?" என்று கேட்கின்றான். மதிப்பு என்னும் சொல் வந்துவிட்டால் நம் மக்களுக்கு மறுக்க வாய் வாராது. மார்லட்டு, கார்டன் என்னும் இருவர் 1985இல் வெளியிட்ட நூலில், முதன்முறை சறுக்கிய நிகழ்வுகளைப் பகுத்துக் காட்டியுள்ளனர். துயரம், சினம் போன்ற உள்ளக் கொந்தளிப்பால் சறுக்கியவை 35 விழுக்காடு. பிறருடன் ஏற்பட்ட பூசலால் 16. பிறர் வற்புறுத்தலால் 20. இக்கணக்கை நம் ஊருக்கு அப்படியே பொருத்த வேண்டியதில்லை. எனினும் பின்னிரண்டும் கூடினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகின்றது என்பதையும், அவ்விரண்டும் அடுத்தவரால் நேர்வன என்பதையும் மைத்துனன்மார் எண்ணிப் பார்க்கட்டும்.

ஊர் நினைத்தால் ஒருவனைக் குடியாமற் காக்க முடியுமா என்று ஐயுறுவோர் கார்த்திகை மார்கழித் திங்களில் தம் தெருவைப் பார்த்தாற் போதும். ஐயப்பனுக்கு மாலை போட்டவன் 41 நாளோ 48 நாளோ குடிப்பதில்லை. அதுவரை நாடோறும் குடித்தவரும் அவருள் உளர். கழுத்திலுள்ள மாலையைக் கண்டவுடன் கூட்டாளி ஒதுங்கி வழிவிடுகின்றான். சிறுவர் முதல் முதியோர் வரை 'சாமி' என்று மதிப்போடு அழைக்கின்றனர். வீட்டில் தனிச் சமையல், தனிப் பாய். மாலைதோறும் கூடிப் பாட ஓரிடம். உடன் மாலை போட்டோர் பத்துப் பேரின் துணை. அங்கே எவனாவது 'மச்சான், ஒரு வாய்' என்பானா? என்றால் ஊரே அவனைத் தூற்றாதா? மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மாலையிலேயே பலர் மீண்டும் கடைக்குச் செல்கின்றனர். 'கடவுளையே ஏமாற்றுகின்றான்' என்று நாம் நகைக்கின்றோம். நான் இதனை வேறு வகையாகக் காண்கின்றேன். நாற்பத்தெட்டு நாள் அவனால் முடிந்தது என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. மாலையோடு கழன்று போனது அவனது வலிமை மட்டுமன்று. ஊர் தந்த மதிப்பும் காவலும் ஓரிடமும் சேர்ந்தே கழன்றன. மாலையிலோ கடவுளிலோ நம்பிக்கை இல்லாதவரும் இப்பாடத்தைக் கற்றுக்கொள்ளத் தடையில்லை. மலைமேல் ஏறாதவனுக்கும் இக்காவலை நாம் ஏன் தரலாகாது? ஒன்றை மட்டும் இங்கே எச்சரித்தாக வேண்டும். கோயிலிற் கயிறு கட்டியோ மாலையிட்டோ ஒரே நாளில் நிறுத்தும் பெருங்குடியனுக்கு முன்சொன்ன வலிப்பும் அறிவுக் கலக்கமும் வரக்கூடும். கயிறு கட்டுமுன் மருத்துவரைக் காண்பதால் எந்தக் கடவுளும் சினங்கொள்ளமாட்டார்.

இனி, சொல்லைப் பற்றிச் சிறிது. தமிழாசிரியனாகிய எனக்கு இது பெரிதாகவே படுகின்றது. சறுக்குதல் வேறு, வீழ்தல் வேறு என்பதை நம் மொழி தெளிவாக வைத்திருக்கின்றது. ஏரிக்கரையிற் சறுக்கியவன் கையூன்றி எழுவான். ஆறு திங்கள் குடியாமலிருந்தவன் ஒருநாள் குடித்துவிட்டால் அது சறுக்கல். அன்றிரவே வீட்டிலும் தெருவிலும் 'வீழ்ந்தான், வீழ்ந்தான்' என்று பறையறைந்துவிட்டால், 'எல்லாம் போயிற்று, இனி விட்டென்ன, தொட்டென்ன' என்று அவனே தன்னைக் கைவிட்டுவிடுகின்றான். மேலே சொன்ன அமெரிக்க அறிஞரும் இதனையே நெடிது விளக்குகின்றனர்: சறுக்கலை வீழ்ச்சியாக்குவது அந்த ஒரு குவளை அன்று, அதன்பின் வரும் இழிவுணர்வு. அக்கொத்தரும் ஆறாம் கிழமையில் ஓர் இழவு வீட்டிற் சறுக்கினார். மறுநாட் காலை அவர் மைத்துனர் வந்தார், அடிக்கவுமில்லை, அழவுமில்லை. 'வாருங்கள், மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவோம்' என்று மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதன்பின் நான்காண்டு ஆகிவிட்டது.

'குடிகாரன்' என்னும் பட்டமும் அத்தகையதே. '-காரன்' என்னும் ஈறு தொழிலையும் உடைமையையும் காட்டுவது. கடைக்காரன், வீட்டுக்காரன் என்பன போல. குடியை விட்டுப் பத்தாண்டு ஆன பின்னும் 'குடிகாரன் வீடு' என்றே ஒரு வீட்டுக்கு வழி சொல்கின்றனர். குடி என்பது நம் மொழியில் குடும்பத்துக்கும் பெயர், குலத்துக்கும் பெயர், நாட்டு மக்களுக்கும் பெயர். ஒரு குடியிலிருந்து மற்றொரு குடிக்குத் திரும்பி வந்தவனை 'மீண்டவன்' என்று அழைத்தால் என்ன? அவன் பிள்ளைகள் பள்ளிக்கு வருகின்றனரே! வகுப்பில் ஆசிரியர் எவரும், 'உன் அப்பா இப்போதாவது ஒழுங்காக இருக்கின்றாரா?' என்று பலர்முன் கேட்கலாகாது. பிறர்முன் அப்படிக் கேட்கப்பெற்ற பையன் அன்று மாலை தந்தையின் முகத்தை எப்படிப் பார்ப்பான்?

வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிப் பேசத் தயக்கமாகவே இருக்கின்றது. பல்லாண்டு சுமந்தவள் மனைவி. 'பொறுமையாயிரு, அன்பாயிரு' என்று அவளுக்கே மேலும் ஒரு சுமையை ஏற்றும் அறிவுரையாளரை எனக்குப் பிடிப்பதில்லை. அடிக்கின்றவனிடம் பொறுமை காட்டச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அவளது ஐயம் கொடுமையன்று, பட்டறிவு. ஆயினும் நாடோறும் வாசலில் நிறுத்தி 'வாயை ஊது' என்பதால் இருவருமே தேய்ந்து போவர். நாளுக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில், 'இன்று எப்படி இருந்தது?' என்று கேட்டு விடைபெறுவது மேல். பணப்பொறுப்பை ஒரேயடியாகத் தர வேண்டா. காய்கறி வாங்கும் பணத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகத் திருப்பித் தரலாம். மீண்டவனும், 'நான்தான் விட்டுவிட்டேனே, இன்னும் நம்பவில்லையா?' என்று சினப்பதில் பொருளில்லை. பத்தாண்டிற் கெடுத்த நம்பிக்கை பத்து நாளில் வாராது.

ஒன்றைக் கண்டித்தே ஆக வேண்டும். 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று சுவரெங்கும் விளம்பரம் ஒட்டியிருக்கின்றார்கள். சோற்றிலோ குழம்பிலோ கலந்து கொடுக்கும் இப்பொடிகளில் என்ன இருக்கின்றது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. டென்மார்க்கு அறிஞர் 1948இல் அறிவித்த டைசல்பிரம் என்னும் மாத்திரையையும் சிலர் இவ்வாறே கள்ளமாகக் கலந்து தருகின்றனர். அம்மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், அரத்த அழுத்தம் தாழும். சிலருக்கு உயிர்க்கேடும் நேரும். இவ்வளவும் தெரிந்து, தானே இசைந்து, மருத்துவர் கண்காணிப்பில் உண்பவனுக்கு அது ஒரு வேலி. தெரியாமல் உண்பவனுக்கு அது நஞ்சு. அவாவைத் தணிக்கும் வேறு மருந்துகளும் இன்று உள்ளன. நால்ட்ரெக்சோன் என்பது அமெரிக்காவில் 1994இல் குடிநோய்க்கு ஏற்கப்பட்டது. மருத்துவரைக் கேட்டால் பொருத்தமானதைத் தருவார். அதைவிட முகன்மையானது, 'வீடு வந்தாயிற்று' என்று மருந்தையும் மறுவருகையையும் நிறுத்திவிடாமை.

மீண்டவனுக்கு மீண்டவனே சிறந்த துணை என்பதை உலகுக்குக் காட்டியவர் இருவர். 1935இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பங்கு வணிகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் தொடங்கியதே 'ஏ.ஏ.' என்று வழங்கும் பெயர் வெளியிடாக் குடிநோயர் கூட்டம். இருவரும் குடிநோயர். பங்கு வணிகர், தாம் மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சிய ஒரு பொழுதில், பேசுவதற்கு இன்னொரு குடிநோயரைத் தேடினார். அவ்வாறு கிடைத்தவரே மருத்துவர். கட்டணம் இல்லை, பெயர்ப் பதிவு இல்லை. 'இன்று ஒருநாள் குடியேன்' என்பதே அவர்கள் முறை. தமிழ்நாட்டு நகர்கள் பலவற்றில் தமிழிலேயே இக்கூட்டங்கள் நடைபெறுகின்றன. குடும்பத்தாருக்கென 1951இல் தோன்றிய கிளைக் கூட்டமும் உண்டு. அவர்தம் வழிமுறையில் கடவுளைப் பற்றிய பேச்சு வருவதால் தயங்கும் பகுத்தறிவாளர் சிலரை அறிவேன். அப்பகுதியைத் தமக்கேற்றவாறு கொள்ள அவர்களே இடந்தருகின்றனர். கூடியிருப்பதே அங்கே மருந்து. பசி, சினம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் மிகாமற் பார்த்துக்கொள் என்பது அவர்களிடையே வழங்கும் அறிவுரை. மாலை ஐந்து மணிக்கே வயிறார உண்டுவிட்டவனைக் கடைத்தெரு அவ்வளவு எளிதாக இழுப்பதில்லை என்று பலரும் கூறக் கேட்டிருக்கின்றேன்.

நம் நாட்டில் பண்டுவத்தையே ஊருக்குள் கொண்டுவந்த முயற்சியும் உண்டு. சாந்தி இரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. இரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் 1989 முதல் முகாம் நடத்திப் பண்டுவம் அளித்தது. ஊரிலுள்ள அமைப்பு ஒன்று முகாமுக்கு இடந்தரும். மீண்டவரைப் பின்தொடர்ந்து பேணுவதிலும் ஊரார்க்குப் பங்குண்டு. மருத்துவமனையிலிருந்து ஊருக்கு வரும் அந்த ஆபத்தான தொலைவே இம்முறையிற் குறைந்துவிடுகின்றது.

'கடைகளை மூடினால் இவையெல்லாம் எதற்கு?' என்பார்க்கு ஒரு சொல். மூட வேண்டும் என்பதே என் விழைவும். இராசகோபாலாச்சாரியார் 1937இற் சேலத்தில் தொடங்கியதும், 1971இல் நீக்கி, 1974இல் மீட்டும் கொணர்ந்து, 1981இல் மறுபடி கைவிட்டதும் நாம் அறிந்தவையே. 2003இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமாகிய டாசுமாக்கே சில்லறை விற்பனையையும் ஏற்றது. 2023 சூன் திங்களில் 500 கடைகள் மூடப்பட்ட பின்னும் 4,829 கடைகள் எஞ்சின. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாதென்று 2016 இறுதியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அங்கிருந்து அகன்ற கடைகள் சில வயல்வெளிக்கும் குடியிருப்புக்கும் அருகே வந்து அமர்ந்ததையும், 2017இற் பெண்கள் திரண்டெழுந்ததையும் கண்டோம். போராட்டம் நடக்கட்டும். அது வெல்லும் நாள்வரை, இன்று மாலை ஆறு மணிக்கு அக்கடையைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டியவன் ஒருவன் இருக்கின்றானே, அவனை என் செய்வது? நடுவணரசு 2019இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானோர் 38 பேருள் ஒருவரே ஏதேனும் பண்டுவம் பெற்றவர். அத்துணை அரியவனாய் மீண்டு வந்தவனையுமா சட்டம் வரும்வரை காத்திருக்கச் சொல்வது?

நான் கேட்பது சிறிது. நம் இயக்கத்தவர் பல ஊர்களில் படிப்பகம் நடத்துகின்றனர். பெரும்பாலானவை காலையில் இரண்டு மணி நேரம் திறந்திருந்து மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள். நாளிதழும், சதுரங்கப் பலகை ஒன்றும், கேணியளவு இல்லாவிடினும் ஒரு குடுவைத் தேநீரும், உண்பதற்குச் சுண்டலும் இருந்தாற் போதும். கிழமைக்கொருநாள் மீண்டோர் தமக்குள் பேசிக்கொள்ளக் கதவைச் சாத்தி விட்டுவிடுங்கள். உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்டறிய முயல வேண்டா, சொற்பொழிவாற்றவும் வேண்டா. திறவுகோலை மீண்டவர் ஒருவரிடம் கொடுங்கள். ஆறு மணிக்குத் திறக்க வேண்டியவர், ஐந்தே முக்காலுக்குக் கடைத்தெருவில் நிற்க முடியாது. அவர் ஒருநாள் வரவில்லையெனின் பூட்டிய கதவைக் கண்டு திரும்பிவிடாமல், இருவர் அவர் வீடு வரை நடந்து சென்று பார்த்துவிட்டு வாருங்கள்.